பனியில் திரும்புதல்

தமிழ் இலக்கணத்தில் பனிக்கு இரண்டு பருவங்கள் உண்டு. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, குறிஞ்சித் திணைக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதுகள் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். எங்களில் ஒருவர் கல்லூரியிலும் மற்றவர் பள்ளியிலும் தமிழ் நடத்துகிறோம். இருவருடைய ஆண்டுகளையும் கூட்டினால் நாற்பதாண்டுப் பனி எங்கள் சுண்ணக்கட்டியில் கரைந்திருக்கும். ஆனால் உதகையில் ஒரு ஜனவரி விடியலில் புல்வெளிமீது உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்த உறைபனியைப் பார்த்ததே எங்கள் அதிகபட்ச அனுபவம். வெயில் ஏறியதும் அதுவும் போய்விட்டது.

நம் மொழியில் பனி என்ற ஒரே சொல் எத்தனையோ வேலைகளைச் செய்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. விடியலில் சாலையை மறைப்பதும் பனி. கண்ணில் தளும்பும் நீரையும் பனி என்றார்கள். பனித்தல் என்றால் நடுங்குதல். வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி ஆளுயரத்துக்குக் குவிவதற்கும் அதே சொல்தான். நம் நிலத்தில் அப்படியொன்று பெய்வதில்லை. தனிச் சொல்லுக்குத் தேவை எழவில்லை. இதையெல்லாம் வகுப்பில் நன்றாகவே விளக்குவோம். விளக்குகிறவர்கள் அதன்மேல் நடந்ததில்லை என்பது மட்டும் மாணவர்களுக்குத் தெரியாது.

2023-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையோடு ஈட்டிய விடுப்பையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் வேலை பார்க்கும் அக்காள் மகனின் வீட்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் போன நேரம் அப்படிப்பட்டது. முந்தைய டிசம்பரின் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை, பசிபிக் பெருங்கடலின் ஈரத்தைச் சுமந்த காற்றோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மேற்குக் கரையை மோதிக்கொண்டிருந்தன. வளிமண்டல ஆறுகள் என்று அவற்றுக்குப் பெயர். சமவெளியில் வெள்ளம், சியெரா நெவாடா மலைத்தொடரில் பனி. டான்னர் கணவாய்க்கு அருகிலுள்ள பனி ஆய்வகத்தில் அந்தப் பருவம் முடிந்தபோது கணக்கிட்ட மொத்தப் பனிப்பொழிவு 754 அங்குலம், அதாவது அறுபத்திரண்டு அடிக்கு மேல். 1946-இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தின் பதிவேட்டில் அதைவிட மிகுதியாகப் பெய்தது 1951-52 குளிர்காலத்தில் மட்டுமே.

புயல்கள் ஓய்ந்து வானம் வெளுத்த முதல் சனிக்கிழமை ஜனவரி 21. "மாமா, அத்தை, நாளைக்குக் காலையில நாலரைக்கு எழுந்திருக்கணும். பனியில நடக்கப் போறோம்" என்று முதல் நாள் இரவு மருமகன் அறிவித்தான். பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையைப் படித்துவிட்டு, அதிகச் சரிவில்லாத வழியாகத் தேர்ந்தெடுத்திருந்தான். தாஹோ புல்வெளி என்ற இடத்தில் தொடங்கி, சிக்கடீ முகடு என்னும் மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கிருந்து தாஹோ ஏரி முழுவதும் தெரியும் என்றான். போக இரண்டு மைல், வர இரண்டு மைல்.

ரீனோவிலிருந்து 431-ஆம் எண் நெடுஞ்சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. சாலையின் இருபுறமும் இயந்திரங்கள் ஒதுக்கிய பனி, சுவர்போல் காரைவிட உயர்ந்து நின்றது. மேலே போய் இறங்கும்போது மணி ஆறு. காரிலிருந்த வெப்பமானி பாரன்ஹீட்டில் 10 காட்டியது. நம் கணக்கில் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை. நிலவு இல்லை. விண்மீன்கள் மட்டும் மிக அருகில் இருப்பதுபோலத் தெரிந்தன. அன்று தை அமாவாசை என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. ஊரில் கடற்கரைகளிலும் ஆற்றுத்துறைகளிலும் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாள். வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் செய்வது இம்முறை தவறிவிட்டதே என்று ஒருவர் மனத்தில் பட்டது. மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்னோஷூ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற விவாதம் காரிலேயே நடந்து முடிந்திருந்தது. பனிக்காலணி என்றால் குளிருக்கு அணியும் காலணி என்று பொருள்பட்டுவிடும். இது காலணி அன்று. காலணிக்குக் கீழே கட்டிக்கொள்ளும் மிதியடி. எனவே பனிமிதியடி என்று முடிவு செய்தோம். மருமகன் சிரித்துக்கொண்டே, "பேரு வச்சாச்சா? இனிமேல் மாட்டலாமா?" என்றான்.

அலுமினியக் குழாயை நீள்வட்டமாக வளைத்து நடுவில் தடித்த நெகிழித்தாள் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய காலத்தில் வளைத்த மரச்சட்டமும் பச்சைத்தோல் வாரின் பின்னலுமாக இருந்தது. வட அமெரிக்கத் தொல்குடிகள் அதில் பெரும் வல்லவர்கள். கால்விரல் பக்கம் மட்டும் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். குதிகால் கட்டின்றித் தூக்கிக்கொள்ளும். அடியில் இரும்புப் பற்கள். இதன் தத்துவம் எளியது: ஓரிடத்தில் அழுந்தும் நம் எடையை அகலமாகப் பரப்பிவிடுகிறது. வெறுங்காலணியோடு வைத்த காலடி தொடை வரை புதைந்தது. மிதியடியோடு வைத்த காலடி நான்கு விரற்கடை அமிழ்ந்து நின்றுகொண்டது. ஆளின் எடை மாறவில்லை. மிதித்த விதம்தான் மாறியது.

மருமகன் மூன்று கட்டளைகளைச் சொன்னான். முதலாவது: உடம்பில் பருத்தி ஆடை இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நின்றவுடன் அந்த ஈரம் உடலின் வெப்பத்தைத் திருடிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். இரண்டாவது: பின்னால் கால் வைக்கக் கூடாது. மிதியடியின் வால்பகுதி பனியில் குத்திக்கொள்ளும்; மல்லாந்து விழ வேண்டியதுதான். திரும்ப வேண்டுமானால் சின்னச் சின்ன எட்டாக அரைவட்டம் போட்டுத் திரும்ப வேண்டும். மூன்றாவது: யாருக்கு என்ன செய்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும், யாரையும் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் போவது கிடையாது.

பிள்ளைகளுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தே பழகிய நாங்கள் மூன்றுக்கும் தலையாட்டினோம். எங்களில் ஒருவர், கம்பளிக் காலுறை அரிக்கிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திக் காலுறையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதற்கான உடன்படிக்கை எங்களுக்குள் ஏற்பட்டிருக்கிறது.

நெற்றி விளக்கின் ஒளி வட்டத்தில் நடந்தோம். முன்னே செல்பவர் புதுப்பனியை மிதித்துத் தடம் உண்டாக்க வேண்டும்; அவருக்குத்தான் உழைப்பு. பின்னால் வருபவர்கள் அவருடைய தடத்திலேயே கால் வைத்துப் போகலாம். முதல் அரைமணி நேரம் மருமகனே முன்னால் சென்றான். பனி ஓசையைக் குடித்துவிடும் என்று படித்திருந்தோம். எங்கள் காலடியின் நறநறப்பும் மூச்சும் தவிர வேறொன்றும் இல்லை. நின்றால் அதுவும் இல்லை. எங்கள் காதுக்குள் ஓடும் இரத்தத்தின் ஒலியை முதன்முறையாகக் கேட்டோம்.

அந்தப் புல்வெளியின் உயரம் எட்டாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா உச்சிக்குச் சமம். மூச்சு விரைவில் முட்டியது. பத்தடிக்கு ஒருமுறை நிற்பதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. விண்மீன், மரம், வானத்தின் நிறம் என்று மாறி மாறிக் காட்டி நின்றுகொண்டோம். மருமகன் எல்லாவற்றையும் நம்புவதுபோல் நின்றான்.

ஏழு மணிக்குக் கிழக்கு வெளுத்தது. விடியல் மருதத்துக்குரிய சிறுபொழுது. மலைக்கு யாமம் என்பது இலக்கணம். வயலில் பார்க்க வேண்டிய பொழுதை மலையில் பார்த்துக்கொண்டிருந்தோம். வடக்கே ரோஸ் மலையின் உச்சியில் முதலில் இளஞ்சிவப்பு ஏறியது. பின் அந்நிறம் மெதுவாகக் கீழே வழிந்தது. நாங்கள் நின்ற பள்ளம் அப்போதும் நீலமாகவே இருந்தது. வெள்ளை என்று நினைத்திருந்த பனியில் வெள்ளையைத் தவிர மற்ற நிறங்கள்தாம் அப்போது தெரிந்தன.

ஏறத்தாழ 10,780 அடி உயரமுள்ள அந்த ரோஸ் மலைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் ஓர் உறவு உண்டு. ஜேம்ஸ் எட்வர்டு சர்ச் என்பவர் 1892-இல் ரீனோவுக்கு ஆசிரியராக வந்தார். நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர், செவ்விலக்கியப் பேராசிரியர். 1895 குளிர்காலத்தில் பனிமூடிய அம்மலையின்மேல் ஏறினார். பிறகு உச்சியில் வானிலை நோக்குநிலையம் ஒன்றை அமைத்தார். பனியின் ஆழத்தை அளப்பது எளிது; அதற்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அறிவதே கடினம். புதிதாய்ப் பெய்த பனி பத்தங்குலம் உருகினால் பொதுவாக ஓரங்குல நீர் கிடைக்கலாம்; அமுங்கிக் கிடந்த பழைய பனியானால் அதைவிட மிகுதியாகக் கிடைக்கும். சர்ச் ஒரு நீண்ட குழாயைச் செய்தார். அதன் நுனியில் வெட்டும் பற்கள். அதைப் பனிக்குள் தரை வரை செருகி, உள்ளே சிக்கிய பனியோடு எடுத்துத் தூக்குக்கோலில் நிறுத்தால் நீரின் அளவு தெரிந்துவிடும். இன்றும் அக்கருவிக்கு ரோஸ் மலையின் பெயர்தான். தாஹோ ஏரியின் நீர்மட்டம் குறித்து வழக்கும் வாக்குவாதமும் நிலவிய காலத்தில், கோடையில் ஏரி எவ்வளவு உயரும் என்பதைக் குளிர்காலப் பனியை நிறுத்தே முன்கூட்டிச் சொல்லும் முறையை அவர் வகுத்துக் கொடுத்தார். ரீனோ நகரம் குடிப்பது ட்ரக்கி ஆற்று நீரை. தாஹோ ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு அதுதான். அந்த ஆறும் கடலுக்குப் போவதில்லை. பாலைநிலத்திலுள்ள பிரமிட் ஏரியில் போய் முடிந்துவிடுகிறது.

பழைய மொழி இரண்டைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருவர், மலையில் கிடப்பதைப் படித்துக் கீழே இருப்பவர்களுக்குப் பொருள் சொல்லியிருக்கிறார். உரையாசிரியர் வேலைதான். அன்று அந்தச் சிவந்த உச்சியைப் பார்த்து நின்றபோது எங்களுக்கு அவர்மேல் சற்றுப் பொறாமையும் வந்தது.

எட்டு மணிக்குச் சற்று முன்பாக மரங்கள் நெருங்கின. ஊசியிலை மரங்களின் கிளைகள் பனிச்சுமையில் தாழ்ந்து கிடந்தன. முகடு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் கால்மணி நேரம் நடந்தால் ஏரி. அந்த இடத்தில்தான் எங்களில் ஒருவர் அடிக்கடி நிற்கத் தொடங்கினார். முதலில் மூச்சு என்றார். பிறகு பட்டை தளர்ந்துவிட்டது என்றார். மூன்றாம் முறை மருமகன் திரும்பி வந்து முகத்தில் விளக்கடித்துப் பார்த்தான்.

"கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. விரல் கொஞ்சம் மரத்திருக்கு."

"எவ்வளவு நேரமா?"

பதிலில்லை.

"விரலை அசைச்சுப் பாருங்க. அசையுதா?"

"அசையிற மாதிரிதான் இருக்கு."

"மாதிரின்னா அசையலைன்னு அர்த்தம்" என்றான் அவன்.

எங்களில் மற்றவர் அப்போது செய்தது நல்ல காரியமன்று. முகட்டைக் காட்டி, "இதோ தெரியுது. இவ்வளவு தூரம் வந்துட்டு இதுக்குப் போய் நிக்கறதா? பார்த்துட்டு ஒரேயடியா இறங்கிடலாம்" என்றார். அதில் சலிப்பும் இருந்தது. பருத்திக் காலுறையைப் பற்றி அதுவரை அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் சலிப்பு கோபமாயிற்று. சொன்னால் கேட்பதில்லை என்றார். எப்போதும் இப்படித்தான் என்றார். அந்தக் குளிரில், அந்த அமைதியில், இருபது ஆண்டுக்கால மனத்தாங்கல்கள் சில வெளியே வந்து நின்றன. விரல் மரத்ததற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

கால் மரத்தவர் கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இந்த மரத்தடியில உட்கார்ந்திருக்கேன். அரைமணி நேரந்தானே?" என்றார்.

அமைதியாக நின்ற மருமகனின் முகம் அப்போது மாறியது. "இல்லை அத்தை, இல்லை மாமா" என்று இருவரையும் சேர்த்தே மறுத்தான். "இங்க யாரையும் உட்கார வச்சிட்டுப் போக மாட்டோம். போனா மூணு பேரும் போவோம். இல்லைன்னா மூணு பேரும் திரும்புவோம். ரெண்டு நாளுக்கு முன்னால அந்தத் தூண்கிட்ட நின்னு என்ன பேசினோம்?"

இரண்டு நாள் முன்பு டான்னர் ஏரிக்கரையிலுள்ள நினைவுச்சின்னத்தை அவன் எங்களுக்குக் காட்டியிருந்தான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது மேற்கே ஏறத்தாழ இருபது மைல். கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த எண்பதுக்கும் மேற்பட்டோர் அடங்கிய ஒரு கூட்டம், 1846 இலையுதிர்காலத்தின் இறுதியில் அங்கே பனியில் சிக்கிக்கொண்டது. சின்னத்தின் பீடம் 22 அடி உயரம். அவ்வாண்டுப் பனி அவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அடையாளம். உணவு தீர்ந்த நிலையில், டிசம்பர் 16 அன்று பதினேழு பேர் உதவி தேடி மலையைக் கடக்கப் புறப்பட்டார்கள். அவர்களிடம் இருந்தவை பனிமிதியடிகள். எருதுகளின் கழுத்தைச் சுற்றி நுகத்தடியில் மாட்டும் வளைந்த மரங்களை எடுத்து, தோல்வாரால் பின்னி அவற்றைச் செய்திருந்தார்கள். செய்யத் தெரிந்தவர் பிராங்க்ளின் கிரேவ்ஸ் என்ற முதியவர். எல்லாருக்கும் போதுமான இணைகள் இல்லை. இருவர் தொடக்கத்திலேயே திரும்பிவிட்டார்கள். மற்ற பதினைவரில் முப்பத்துமூன்று நாள் கழித்து மறுபுறம் போய்ச் சேர்ந்தவர்கள் எழுவர்: ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். வழியில் பசி அவர்களைச் செய்யவைத்தவற்றை உலகம் பலமுறை எழுதிவிட்டது. நாங்கள் எழுத வேண்டியதில்லை.

அந்தப் பதினைவரில் சார்லஸ் ஸ்டான்டன் என்று ஒருவர். மணமாகாதவர், அக்கூட்டத்தில் அவருக்கு மனைவி மக்கள் எவரும் இல்லை. உணவு கொண்டுவர முன்கூட்டியே மலை கடந்து சென்று, பாதுகாப்பான இடத்தை அடைந்தும்விட்டார். அங்கேயே இருந்திருக்கலாம். கோவேறு கழுதைகளில் உணவேற்றிக்கொண்டு, லூயிஸ், சால்வடார் என்ற தொல்குடியினர் இருவருடன் திரும்பி வந்தார். வந்தவர் எல்லாரோடும் சேர்ந்து சிக்கினார். மிதியடிப் பயணத்தில் பனியின் ஒளியால் அவர் கண் மங்கிப்போனது. ஒவ்வொரு நாளும் பின்தங்கி, இரவில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தார். ஒரு காலையில் நெருப்பருகே புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவில்லையா என்று கேட்டதற்கு, விரைவில் வந்துவிடுவதாகச் சொன்னார். மற்றவர்கள் நடந்தார்கள். அவர் வரவில்லை. அவர்களை யாரும் குறைசொல்ல முடியாது. சுமக்கும் வலு எவருக்கும் இல்லை.

எங்களுக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. வண்டி இரண்டு மைலுக்குள் நிற்கிறது. குடுவையில் வெந்நீர் இருக்கிறது. ஆனாலும் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், போய் வாருங்கள் என்ற வாக்கியம் அந்த மலையில் எப்படி ஒலிக்கும் என்பது எங்களுக்குப் புரிந்தது. கோபத்தில் இருந்தவர் முகட்டைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

பைகளைப் பனிமேல் போட்டு, அவற்றின்மேல் கால் மரத்தவரை உட்கார வைத்தோம். காலணியைக் கழற்றினால் உறை ஈரமாக இருந்தது. விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது, தோலோடு தோல் வைத்துச் சூடாக்க வேண்டும் என்றான் மருமகன். வயிற்றில் வைப்பதுதான் நல்லது. "என் வயித்துல வைங்க" என்று அவன் மேலங்கியைத் திறக்கப் போனான். மற்றவர் அவனைத் தடுத்து, தம் மேலங்கியைத் திறந்து, உள்ளாடையைத் தூக்கி, அந்தக் கால்களைத் தம் வயிற்றில் வைத்துக்கொண்டார்.

கால் படுவது குற்றம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். புத்தகத்தில் பட்டாலும் ஆளின்மேல் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். வைத்தவர் கூச்சத்தில் கால்களை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். வைத்துக்கொண்டவர் விடவில்லை. பனிக்கட்டி இரண்டை வயிற்றில் அணைத்ததுபோல் இருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். யாரும் எதையும் பேசவில்லை; சொன்னவற்றைத் திரும்பப் பெறவும் இல்லை. பிறகு விரல்களில் ஊசி குத்தத் தொடங்கியது. வலி தாங்கவில்லை, கண்ணில் நீர் வந்தது. "வலிச்சா நல்லது" என்று மருமகன் சிரித்தான். அவனுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. தன் பையிலிருந்து உலர்ந்த கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அரிக்கிறது என்று இம்முறை யாரும் சொல்லவில்லை.

விரல்கள் சரியாகிவிட்டனவே, முகட்டுக்குப் போகலாமா என்று கேட்டது கால் மரத்தவர்தான். ஒருமுறை சூடேறிய விரல் மறுபடி உறைந்தால் முன்னைவிடக் கேடு விளையும் என்றான் மருமகன். எனவே திரும்பினோம்.

அந்தத் திரும்புதலை மறக்க முடியவில்லை. பின்னால் கால் வைக்க முடியாது அல்லவா? வலக்காலைச் சற்றுத் திருப்பி வைத்து, இடக்காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடி வலக்கால் என்று கடிகார முள்போல ஒரு வட்டத்தில் பாதியைச் சுற்ற வேண்டும். எட்டுப் பத்துக் காலடிகள். அந்தப் பாதி வட்டத்தில் முகடும் மரங்களும் ரோஸ் மலையும் வரிசையாகக் கண்முன் வந்து போயின. அதற்குப் பிறகு எதிரே இருந்தது நாங்கள் வந்த வழி. இரண்டு மணி நேரம் நடந்த வழிதான்; ஆனால் இருட்டில் நடந்ததால் நாங்கள் அதைப் பார்த்திருக்கவில்லை. எங்கள் தடங்களுக்குள் வெயில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடத்தின் உள்ளும் நீலம். தோல்வியடைந்தால் பின்வாங்கியதாகவே வரலாற்றில் எழுதுவது வழக்கம். பின்வாங்குதலும் திரும்புதலும் ஒன்றல்ல என்பதை அந்த மிதியடி எங்களுக்குச் சொன்னது.

இறங்கும் வழியில் மரங்களுக்கிடையே பறவைக் குரல் கேட்டது. முகட்டுக்குப் பெயர் கொடுத்த சிக்கடீப் பறவைகள். கருந்தொப்பி, கண்ணுக்குமேல் வெண்புருவம். நம் பத்து ரூபாய் நாணயம் இரண்டைச் சேர்த்தால் வரும் எடைகூட இல்லை. அவ்வளவு சிறிய உயிர் அந்தக் குளிர்காலம் முழுவதும் மலையைவிட்டு இறங்குவதில்லை. இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்து, பனிக்காலத்தில் நினைவிலிருந்து எடுத்துத் தின்கிறது. இம்மலைகளில் ஆண்டுக்கணக்காக இப்பறவைகளை ஆராய்ந்துவரும் ரீனோ பல்கலைக்கழகத்தார், கீழ்ப்பகுதிப் பறவைகளைவிட உயரத்தில் வாழ்பவை இடத்தை நினைவு வைப்பதில் தேர்ந்தவை என்று கண்டிருக்கிறார்கள். நினைவாற்றல் கூடியவை நீண்ட நாள் வாழ்வதாகவும் கண்டிருக்கிறார்கள். மனப்பாடத்தின் பெருமையைப் பேசுகிற தமிழாசிரியர்கள் மேற்கோள் காட்ட ஏற்ற பறவை.

மனிதரின் கையில் வந்து அமரும் என்று மருமகன் சொன்னான். எங்களிடம் விதை எதுவும் இல்லை. வெறுங்கையை நீட்டினோம். ஒரு பறவை வந்து கையுறையின் விரல்நுனியில் அமர்ந்தது. எடையே தெரியவில்லை, நகங்களின் பிடி மட்டும் தெரிந்தது. உள்ளங்கையைப் பார்த்தது, எங்கள் முகத்தைப் பார்த்தது, போய்விட்டது. அது ஏமாந்தது. எங்களுக்கு வெட்கமாக இருந்தது; மகிழ்ச்சியாகவும் இருந்தது.

வண்டி நின்ற இடத்துக்கு வந்தபோது பத்து மணி. மிதியடிகளைக் கழற்றியதும் கால்கள் சொந்தமில்லாதவைபோல் இலேசாயின. குடுவையில் இருந்த வெந்நீரை மூவரும் குடித்தோம். கொஞ்சம் மிஞ்சியது. எங்களில் ஒருவர் மேற்குப் பக்கமாகச் சில அடி நடந்துபோய், மிஞ்சிய நீரை இரு கைகளிலும் ஏந்திப் பனியில் விட்டார். எள் இல்லை, மந்திரம் இல்லை. நீர்க்கடன் செய்யும்போது, தமக்கென்று யாரும் இல்லாமல் போனவர்களுக்காகக் கடைசியாக ஒருமுறை நீர் விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. யாருக்கு என்று மற்றவர் கேட்கவில்லை. வெந்நீர் விழுந்த இடத்தில் சிறு குழி ஒன்று விழுந்து ஆவி எழுந்தது. கோடையில் அதுவும் உருகி ஏதேனும் ஓர் ஓடையில் சேர்ந்திருக்கும்.

ஊர் திரும்பியபின் உறவினர்கள் கேட்கிறார்கள், மேலிருந்து ஏரி எப்படித் தெரிந்தது என்று. பார்க்கவில்லை என்று உண்மையையே சொல்கிறோம். அவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமலா வந்தீர்கள் என்று வியக்கிறார்கள். காலில் குளிர் பிடித்துவிட்டது, திரும்பிவிட்டோம் என்கிறோம். யாருடைய காலில் என்பது அவர்களின் அடுத்த கேள்வி.

எங்கள் காலில்தான்.